மின்வெட்டைத் தாங்கும் வாசல் கேமரா

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் சொந்தங்களே, வாசல் கேமராவை நீங்களே செய்யலாம். தேவையானவை: ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினிப் போர்டு, ஓவி5647 சென்சார் கேமரா, 32 ஜிபி மெமரி கார்டு, 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர். கேமரா வீடியோவை வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பும் மென்பொருள் மீடியாஎம்டிஎக்ஸ், இலவசம், திறந்த மூலம். 8554 போர்ட்டில் வரும் வீடியோவை, வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் சேர்த்துவிடலாம். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும்.

பலரும் திணறுவது கேமராவைப் போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளில்தான். 15 பின் கேபிள் ஸீரோவில் நுழையாது. ஒரு முனை 22 பின் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தங்க நிறப் பட்டைகள் போர்டைப் பார்த்துக் கீழே இருக்கணும். போர்டில் கேபிள் செருகும் இடத்தின் தாழ்ப்பாளை மெதுவாக வெளியே இழுத்து, கேபிளை நேராகச் செருகி, இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பூட்டுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் கேமரா இல்லை என்றே காட்டும்.

அடுத்தது லோட்ஷெட்டிங், அதாவது மின்வெட்டு. கார்டில் எழுதும்போது கரண்ட் போனால் கார்டே கெட்டுவிடலாம். எல்லாம் சரியாக ஓடியபின் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள். அது கார்டில் எதையும் எழுதவிடாது, அதனால் பதிவுகளை வேறு கணினிக்கு அனுப்புங்கள். ரவுட்டருக்கும் கரண்ட் போனாலும் மின்சாரம் தரும் சின்ன யுபிஎஸ் கட்டாயம். ரவுட்டர் அணைந்தால் கேமரா ஓடியும் பயனில்லை.

இன்ஃப்ராரெட் விளக்குள்ள கேமராவை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள். ராத்திரியில் வெளிச்சம் திருப்பி அடித்து, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். பக்கத்து வீட்டு முற்றமும் படத்தில் விழக்கூடாது, கோணத்தைத் திருப்பி வையுங்கள்.