அபு கிரைப்: நாட்குறிப்பிலிருந்து

நவம்பர் 13, 2024

கடைசியில் ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. இராக்கில் அமெரிக்க ராணுவம் கைதிகளைச் சித்திரவதை செய்த அபு கிரைப் சிறைக்கு விசாரணையாட்களை அனுப்பிய ஒப்பந்த நிறுவனமான சிஏசிஐ, அங்கே வதைபட்ட மூன்று இராக்கியர்களுக்கு 4.2 கோடி டாலர் தர வேண்டும் என்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜூரி சொல்லியிருக்கிறது. 2008இல் போட்ட வழக்கு. ஒருவர் பள்ளித் தலைமையாசிரியர், ஒருவர் பழ வியாபாரி, ஒருவர் பத்திரிகையாளர். தம்பியிடம் சொன்னேன். அவனுக்கு எந்தச் சிறை என்றே பிடிபடவில்லை. அப்புறம், "அந்த நாய்வார் பொம்பளையா?" என்றான்.

நவம்பர் 15

ஆமாம், அவள்தான். லிண்டி இங்லண்ட், அமெரிக்கச் சிப்பாய். 2003இல் அந்தப் படம் எடுத்தபோது வயது இருபது. சிறை நடைபாதையில் நிற்கிறாள், கையில் வார், மறுமுனை தரையில் நிர்வாணமாகக் கிடப்பவரின் கழுத்தில். இன்னொரு படத்தில் வாயில் சிகரெட்டோடு, முகம் மூடிய கைதிகளைக் காட்டிச் சிரிக்கிறாள்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது, அவள் சிறைக்காவலரே இல்லை என்பது. எழுத்தர் வேலை. அங்கே காவலராக இருந்த காதலன் கிரேனரைப் பார்க்க இரவில் அந்தப் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தவள். சொன்னதைச் செய்தேன், காதலனை நம்பினேன் என்றெல்லாம் பிறகு சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கே அவளுக்கு வேலையே இல்லையே.

நவம்பர் 16

அவளுக்கு 2005 செப்டம்பரில் மூன்று வருடச் சிறை. 2007 மார்ச்சிலேயே பரோலில் வெளியே வந்துவிட்டாள். கிரேனருக்குப் பத்து வருடம். சிறைக்குப் பொறுப்பான பிரிகேடியர் ஜெனரல் கார்பின்ஸ்கிக்குப் பதவியிறக்கம், அவ்வளவுதான்.

மனாதெல் அல் ஜமாதி என்ற கைதி 2003 நவம்பரில் அங்கே அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் விசாரணையில் இறந்தார். அது கொலை என்று ராணுவ மருத்துவர்களே பதிவு செய்தார்கள். ஐஸ் வைத்த அந்த உடலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்ட சிப்பாய்களை உலகமே பார்த்தது. அவரைக் கொன்றதற்காக மட்டும் இன்றுவரை யாரும் தண்டனை அடையவில்லை. கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள் மாட்டினார்கள், நிற்காதவர்கள் தப்பினார்கள். லிண்டிமேல் விழுந்த வசை அத்தனையும் நியாயம். ஆனால் அந்த ஒரு முகத்தைத் திட்டித் தீர்த்ததோடு ஊருக்குக் கோபம் அடங்கிவிட்டது. மேலே இருந்தவர்களுக்கு அது எவ்வளவு வசதி!

நவம்பர் 19

ஜோ டார்பியைப் பற்றிப் படித்தேன். 2004 ஜனவரியில் அந்தப் படங்கள் இருந்த சிடியை ராணுவப் புலனாய்வுத் துறையிடம் கொடுத்த சிப்பாய். பெயர் வெளியே வராது என்று உறுதி கொடுத்திருந்தார்கள். மே மாதம், நாடே பார்த்துக்கொண்டிருந்த விசாரணையில் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அவர் பெயரைச் சொல்லிவிட்டார். அப்போது டார்பி இராக்கில், சாப்பாட்டுக்கூடத்தில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் நடுவே டிவி பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்த ஊரிலேயே துரோகி என்றார்கள். திரும்பிப் போய் வாழ முடியவில்லை. தண்டனை முடித்த லிண்டியோ மேற்கு வர்ஜீனியாவில் தன் ஊருக்கே போய்ச் சேர்ந்தாள். படித்ததும் வயிறெரிந்தது.

நவம்பர் 20

வழக்குப் போட்ட அந்தப் பத்திரிகையாளர் பெயர் சலா அல் எஜைலி. அல் ஜசீராவில் வேலை பார்த்தவர், இப்போது ஸ்வீடனில் இருக்கிறார். சிஏசிஐ மேல்முறையீடு செய்யப்போகிறதாம். பதினாறு வருடம் இழுத்தது போதாதா?