பழைய டிஸ்க்கில் அண்ணன் நானாகிவிட்டார்

வீட்டில் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றி, யூஎஸ்பி கேபிள் வழியாக என் லேப்டாப்பில் செருகினேன். இரண்டிலும் உபுண்டு என்ற லினக்ஸ்தான். ஆனால் என் ஃபோல்டரைத் திறந்தால் ‘பர்மிஷன் டினைட்’. அண்ணனுடையதோ தாராளமாகத் திறந்தது. அதன் ஓனர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது!

லினக்ஸ், ஃபைலோடு ஓனரின் பெயரை எழுதிவைப்பதில்லை. உரிமையைப் பொறுத்தவரை பயனர் எண், குழு எண், அனுமதிகள், இவ்வளவுதான் ஐநோடில் (ஃபைலைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் பதிவு) இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அந்தந்தக் கம்ப்யூட்டரில் தனியாக இருக்கிறது. உபுண்டுவில் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழையதில் அண்ணன் முதல் ஆள், நான் இரண்டாவது. லேப்டாப்பில் நான்தான் முதல். அதனால் அவருடைய 1000 இங்கே என் பெயராகத் தெரிந்தது. என்னுடைய 1001-க்கு இங்கே ஆளே இல்லை, வெறும் எண்ணாக நின்றது. ஃபைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ கட்டளைக்குப் பதிலாக ‘எல்எஸ் -என்’ அடித்தால் பெயர்களை விட்டுவிட்டு எண்களையே காட்டும். இந்த மாதிரி வேலைக்கு அதுதான் உதவும்.

நண்பர் ஒருவர் “எல்லாத்துக்கும் 777 போட்டுடு” என்றார். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. அதை ஓனர், குழு, மற்றவர்கள் மூவருக்கும் கொடுப்பதுதான் 777. பிரச்சினையே யார் ஓனர் என்பதில் இருக்கும்போது கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டு என்ன பயன்? வேறு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலின் தனிச் சாவி ஃபைலை அப்படித் திறந்து வைத்தால் அந்த நிரலே அதை ஏற்க மறுத்துவிடும்.

முதலில் லேப்டாப்பில் அண்ணனுக்கு ஒரு கணக்கு உருவாக்கினேன், 1001 கிடைத்தது. அப்புறம் நிர்வாகி அதிகாரம் தரும் ‘சூடோ’ போட்டு, நகலெடுக்கும் ‘சிபி -ஏ’ கட்டளை மூலம் எல்லாவற்றையும் நகலெடுத்தேன். ‘-ஏ’ இல்லாவிட்டால் பழைய எண்கள் போய், நகலெடுப்பவரே ஓனர் ஆகிவிடுவார். தனித்தனி ஃபோல்டர்களுக்கு ஓனரை மாற்றும் ‘சிஎச்ஓன் -ஆர்’ போதுமானதாக இருந்தது. இருவரும் சேர்ந்து போட்டோக்களைக் கொட்டிவைத்த ஃபோல்டர்தான் இடித்தது. 1001-ஐ நேராக 1000 ஆக்கினால் அண்ணனுடையதும் என்னுடையதும் கலந்துவிடும், பிரிக்க வழியில்லை. அதனால் யாருக்கும் இல்லாத 5000 என்ற எண்ணை நடுவில் வைத்தேன். குறிப்பிட்ட ஓனரின் ஃபைல்களை மட்டும் மாற்றும் ‘--ஃப்ரம்’ சேர்த்து 1000-ஐ 5000 ஆக்கி, 1001-ஐ 1000 ஆக்கி, கடைசியில் 5000-ஐ 1001 ஆக்கினேன்.

அந்த போட்டோ ஃபோல்டரை இருவரும் பயன்படுத்த ஒரு குழு உருவாக்கி, ஃபோல்டருக்கும் உள்ளே இருப்பவற்றுக்கும் அதையே குழுவாக்கினேன். ஃபோல்டரின் அனுமதி 2770. முன்னால் உள்ள 2, உள்ளே புதிதாக உருவாகும் ஃபைல்களுக்கும் அதே குழுவைக் கொடுக்கும். புதிய ஃபைல்களுக்கு எந்த அனுமதிகளை விலக்க வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க் 022 ஆக இருந்தால் குழுவுக்கு எழுதும் உரிமை வராது, 002 வேண்டும். ஃபோல்டரில் எழுத முடிகிற எவரும் உள்ளே இருக்கும் ஃபைலை அழிக்கலாம், ஃபைல் யாருடையதாக இருந்தாலும் சரி. அழிப்பது என்பது ஃபோல்டரில் செய்யும் மாற்றம். அண்ணன் தவறுதலாக என் போட்டோக்களை அழித்துவிடாதபடி அடுத்தவர் ஃபைலை அழிக்கவிடாத ஸ்டிக்கி பிட்டும் (மதிப்பு 1) சேர்த்தேன்: 3770.

எல்லாம் செய்தும் அண்ணனால் எழுத முடியவில்லை. அவர் ஏற்கெனவே லாகின் செய்திருந்தார். குழுவில் சேர்த்தது அடுத்த லாகினில்தான் செல்லுபடியாகும். வெளியேறி மறுபடி வந்ததும் சரியாகிவிட்டது.

பேக்கப் எடுக்கிற டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் வகை. அதில் இந்த ஓனர் விவரம் எதுவும் தங்காது. அதனால் பல ஃபைல்களை ஒன்றாக்கும் ‘டார்’ கோப்பாகக் கட்டி அதில் போட்டேன். டார் பெயர், எண் இரண்டையும் வைத்துக்கொள்ளும். ரூட்டாக (நிர்வாகியாக) விரித்தால் பெயரைத்தான் முதலில் பார்க்கும்.