விடுவிப்புச் சான்றிதழும் அதற்குப் பிறகும்

ஆள் கடத்தல் என்றதும் எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்படும் பெண்களும் பிள்ளைகளுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்குக் குடும்பத்தோடு ரயிலேற்றி அழைத்து வரப்படுவோரையும், முன்பணம் வாங்கியதற்காக அரிசி ஆலைக்குள் முடங்கிக் கிடக்கும் இருளர் குடும்பங்களையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்க நமக்கு ஏனோ தயக்கம் இருக்கிறது.

சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும். சீசனுக்கு முன், சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி கொடுத்த அட்வான்ஸ் அந்தக் கூலியில் கழிய வேண்டும். வாரச் செலவுக்குக் கொடுக்கும் பணமும் அதே நோட்டில் கடனாக ஏறும். மழையில், இன்னும் சுடாத பச்சைக் கல் கரைந்துபோனால் அன்றைய உழைப்புக்குக் கூலி கிடையாது. நோட்டு முதலாளியிடம்தான் இருக்கும், கல் அறுப்பவருக்கோ பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது.

இப்படிப்பட்ட இடத்திலிருந்து மீட்கப்பட்டவர், கடனுக்காகக் கட்டுண்டு உழைக்கும் கொத்தடிமையாக இருந்தாரா என்று விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் வழங்குவது கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரின் பொறுப்பு. நான் உடனிருந்து பார்த்த ஒரு விசாரணையில் கேட்கப்பட்ட முதல் கேள்வியே, "உங்களைக் கட்டிப் போட்டா வைத்திருந்தார்கள்?" என்பதுதான். அதற்கு, மீட்கப்பட்டிருந்த பெண், "சந்தைக்குப் போகணும்னா பிள்ளைய விட்டுட்டுத்தான் போகணும் சார்" என்றார். சங்கிலியைத் தேடும் அதிகாரி இந்தப் பதிலை எழுதிக்கொள்வாரா என்பதைப் பொறுத்தே அந்தக் குடும்பத்துக்குச் சான்றிதழ் கிடைப்பதும் கிடைக்காததும் அமைகிறது. சட்டம் இப்படிக் கேட்கச் சொல்லவில்லை. வாங்கிய கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையை 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடன் கொடுத்தவர் மீதே வைக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவோ, ஆள் கடத்தல் நடந்ததா என்று முடிவு செய்யும்போது பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே அல்ல என்கிறது. ஆகவே, "அவர்களாகத்தானே வேலைக்கு வந்தார்கள்" என்ற வாதத்துக்கு இங்கு இடமே இல்லை.

தண்டனையில் இரு சட்டங்களுக்கும் உள்ள தூரம் பெரியது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும்தான். ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் கடத்திய குற்றத்துக்கு 143-ஆவது பிரிவின்படி குறைந்தபட்சமே 10 ஆண்டுகள். காவல்துறை முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவைச் சேர்க்கிறது என்பதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவது அதனால்தான்.

விடுவிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வுத் தொகையைப் பொறுத்தவரை அரசைக் குறை மட்டுமே சொல்லிவிட முடியாது. 2016-இல் மத்திய அரசு திருத்தியமைத்த திட்டம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள் கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம் ரூபாய் என்று உயர்த்தியது. உடனடி உதவியும் பின்னர் 30,000 ரூபாய் வரை கூட்டப்பட்டது. ஆனால் முழுத் தொகை கைக்கு வர, கொத்தடிமைத்தனம் நீதிமன்ற நடைமுறையில் நிறுவப்பட வேண்டும். சாட்சிகள் ஒடிசாவிலும் வழக்கு தமிழ்நாட்டிலும் இருக்கும்போது அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அதற்குள் அடுத்த சீசனுக்கான அட்வான்ஸோடு மேஸ்திரி ஊருக்கு வந்துவிடுகிறார். கோட்டாட்சியர் விசாரித்துக் கையெழுத்திட்ட சான்றிதழையே போதிய ஆதாரமாகக் கொண்டு முழுத் தொகையையும் வழங்கிவிடலாம். குற்றவாளிக்கான தண்டனையை நீதிமன்றம் தனக்குரிய கால அளவில் முடிவு செய்யட்டும்.