புகைக்கு வழி, காற்றுக்கும் வழி

பட்டறைகளுக்குக் காற்றோட்டம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. வீட்டுக் கேரேஜில் வெல்டிங், பெயிண்டிங் செய்கிறவர்கள் கூப்பிட்டால், எத்தனை இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் ஷட்டரை முழுதாக இறக்கி, இருக்கிற ஃபேனைப் போட்டுவிட்டு, மேசைமேல் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைப்பேன். புகை அங்கேயே சுருண்டு நிற்கும். ஷட்டரை ஒரு சாண் தூக்கினால் போதும், புகை ஃபேன் பக்கம் சாய்ந்து ஓடும். வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வழியில்லையென்றால் எவ்வளவு பெரிய ஃபேனும் வெறுமனே சுற்றும். பக்கத்தில் கேஸ் கீசர் இருந்தால் ஆபத்தே வேறு. அதன் புகைக்குழாய் வழியாகக் காற்று உள்ளே இழுபடும். நிறமோ நெடியோ இல்லாத கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும்.

அடுத்தது தூரம். ஊதுகிற காற்று வெகுதூரம் பாயும், உறிஞ்சுகிற காற்று பாயாது. உறிஞ்சுகுழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தளவு தள்ளிப் போனாலே வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் குழாயின் வாய் வேலை நடக்கிற இடத்தை ஒட்டி, பக்கவாட்டில் இருக்க வேண்டும். தலைக்குமேல் சுவரில் ஃபேன் மாட்டிவிட்டு, குனிந்து வெல்டிங் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். புகை அவர்கள் முகத்தைக் கடந்துதானே மேலே போகிறது! வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்திவிட்டது. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து வெண்புகையாகும்; அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை வெல்டர்களிடம் உண்டு. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. பூச்சைச் சுரண்டிவிட்டுப் பற்றவைப்பதுதான் சரி.

பெயிண்டில் கலக்கிற தின்னர் விஷயம் நேர்மாறு. அதிலுள்ள டொலுயீனின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது, தரையோடு படரும். 4 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும். சாதாரண ஃபேனின் மோட்டாரிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் உறிஞ்சுவாய் தாழ்வாக இருக்க வேண்டும். தீப்பொறி வெளிவராத வகை மோட்டார், அதுவும் காற்றுப்பாதைக்கு வெளியே. செலவு கூடும்தான், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது; பெயிண்ட் அடிக்கிறவருக்குக் கரிவடிகட்டி வைத்த கவசம் தேவை.

கடைசியாக, குழாயின் வெளிமுனை எந்த ஜன்னலுக்கும் பக்கத்தில் வரக்கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னலையும் சேர்த்துத்தான்.