மேடை இல்லாத இரங்கல் கூட்டம்

பேராசிரியர் தவறிவிட்ட செய்தியை அவருடைய மகள் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'அப்பாவை ஒளியில் வைத்திருங்கள்.' பிரார்த்தனை செய்யுங்கள் என்பதைக் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சபையினர் இப்படித்தான் சொல்வார்கள். தகனம் முடிந்துவிட்டதாம். நினைவுக் கூட்டம் ஐந்து வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை. நம் ஊரில் அதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்து, பந்தல்காரர் கணக்கும் தீர்ந்திருக்கும்.

என்ன உடுத்துவது, என்ன வாங்கிப் போவது என்று மகளிடமே கேட்டேன். பூ வேண்டாம், கறுப்பு உடை கட்டாயமில்லை, எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது கொண்டுவந்தால் போதும் என்றார். புளியோதரை செய்வது என்று முடிவு செய்தேன். பேசுவதுதான் பயமாக இருந்தது. யார் பேசுவார்கள் என்று கேட்டதற்கு, "யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள்" என்று பதில் வந்தது. நிகழ்ச்சி நிரல் இல்லை, தலைமை இல்லை, வரவேற்புரை இல்லை.

பென்சில்வேனியாவில், குவேக்கர்கள் தொடங்கிய ஒரு சிறு கல்லூரியில் 2002ல் அவரிடம் பொருளியல் படிக்கப் போனேன். முதல் வகுப்பிலேயே, தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் நீதிபதிக்கு முன்னால்கூடத் தொப்பியைக் கழற்ற மாட்டார்களாம். பெரிய மனிதரானாலும் 'நீ' என்றுதான் பேசுவார்களாம். அதற்காகச் சிறைக்கும் போயிருக்கிறார்கள். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் நேர்மாறு, பேரக்குழந்தையைக்கூட "வாங்க, சாப்பிடுங்க" என்போம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அப்படியானால் கீழே இறக்கியும் சமமாக்கலாம், மேலே ஏற்றியும் சமமாக்கலாம். எதற்குச் செலவு குறைவு?" எதைப் பேசினாலும் கடைசியில் பொருளியலுக்கு வந்துவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. நான்கு வருடமும் "எக்ஸ்க்யூஸ் மீ"யிலேயே ஓட்டினேன்.

விலை பற்றிய பாடத்தையும் கடையிலிருந்துதான் தொடங்குவார். அந்தக் காலத்துக் குவேக்கர் கடைக்காரர்கள் பேரம் பேசுவதில்லை. எண்பதுக்குக் கொடுக்கத் தயாராக இருந்துகொண்டு நூறு என்று சொல்வது பொய் என்பது அவர்கள் கட்சி. ஒரே விலை என்பதால் சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாறாது என்று கூட்டம் சேர்ந்ததாம். என் அம்மா கத்திரிக்காயைப் பாதி விலைக்குக் கேட்பதைச் சொன்னேன். "இருவருக்கும் ஆட்டம் தெரியுமென்றால் அதில் பொய் எங்கே?" என்று தன் சபைக்கு எதிராகவே வாதாடினார்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். கூட்ட வீடு என்று குவேக்கர்கள் சொல்லும் வழிபாட்டு இடம் வெறும் மரக் கூடம்தான். சிலுவை இல்லை, படம் இல்லை, மைக் இல்லை. நடுவைப் பார்த்தபடி நாலு பக்கமும் நீள பெஞ்சுகள். ஒரு வயதான அம்மா எழுந்து, புதிதாக வந்தவர்களுக்காக முறையைச் சொன்னார்: மௌனமாக உட்கார்ந்திருப்போம். பேசத் தோன்றினால் எழுந்து பேசலாம். ஒருவர் பேசியதும் அடுத்தவர் உடனே எழ வேண்டாம், கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

முதல் பதினைந்து நிமிடம் யாருமே பேசவில்லை. ஒப்பாரியில் வளர்ந்தவனுக்கு இது சித்திரவதை. பக்கத்து ஆளின் வயிறு இரைவது கேட்கிறது. அப்புறம் ஒருவர் எழுந்து நாலே வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார். மறுபடி மௌனம். அவர் சொன்னது அந்த மௌனத்தில் மெதுவாக உள்ளே இறங்கியது. நம் இரங்கல் கூட்டங்களில் இறந்தவரைவிடத் தன்னைப் பற்றியே இருபது நிமிடம் பேசுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

சட்டைப் பையில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எழ நினைக்கும்போதெல்லாம் முழங்கால் நடுங்கியது. முதல் கருத்தரங்கில் ஆங்கிலம் உளறி நான் முகம் தொங்கிப் போயிருந்தபோது, பேராசிரியர் கென்னத் போல்டிங் கதையைச் சொன்னார். லிவர்பூலில் பிறந்த குவேக்கர், 1968ல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்துக்கே தலைவர். ஆனால் வாய் திக்கும். "திக்கிக்கொண்டேதான் பேசினார், நாங்கள் காத்திருந்து கேட்டோம்" என்றார். அது ஞாபகம் வந்ததும் எழுந்துவிட்டேன். காகிதத்தை எடுக்கவில்லை. முதல் வார்த்தையே "சார்" என்று வந்தது.

நான் சொன்னது தொலைபேசி வரிக் கதை. அமெரிக்காவில் தொலைபேசிக் கட்டணத்தின் மேல் மத்திய அரசு ஒரு வரி போட்டுவந்தது. 1898ல் ஸ்பெயினோடு நடந்த போருக்காக வந்தது. வியட்நாம் போரின்போது 10 சதவீதமாக ஏற்றினார்கள். நான் படித்தபோது 3 சதவீதம். போருக்குக் காசு தர மாட்டேன் என்று அவர் மாதாமாதம் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் காசோலை எழுதுவார். ஏன் கழித்தேன் என்று தொகுதிப் பிரதிநிதிக்குத் தனியாக ஒரு கடிதமும் போகும். ஒருமுறை அதை நான் தட்டச்சு செய்தேன். கட்டணம் 20 டாலர், கழித்தது 60 சென்ட். தபால் தலையே 37 சென்ட். இது கட்டுப்படியாகுமா என்று கேட்டேன். "செலவை எல்லாம் சரியாக எழுதிவிட்டாய். வரவுப் பக்கத்தில்தான் ஒன்றை விட்டுவிட்டாய்" என்றார். அது என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை.

இவ்வளவுதான் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை; அங்கே அந்தப் பழக்கம் இல்லை. மூலையில் ஒருவர் மட்டும் சத்தம் வராமல் சிரித்தார். இன்னும் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். கடைசியில் அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரின் கையைக் குலுக்க, கூடம் முழுக்க அது பரவியது. கூட்டம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம்.

சாப்பாட்டு மேசையில் புளியோதரை பத்து நிமிடத்தில் தீர்ந்துபோனது. மகள் ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். உள்ளே அந்தக் கடிதங்களுக்கு வந்த பதில்கள், எல்லாம் ஒரே மாதிரி அச்சடித்தவை. 'தங்கள் கருத்துக்கு நன்றி.' ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேராசிரியர் பென்சிலில் தேதி போட்டு, தபால் தலைக் காசைக் குறித்து வைத்திருந்தார்.