வாரம் 28 முதல் 31 வரை

ஸ்டாக்ஹோமுக்கு வந்த புதிதில் நான் செய்த முதல் தவறு, காபியை மேசைக்கு எடுத்துக்கொண்டு போனது.

சென்னை ஓ.எம்.ஆரில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அது தவறென்றே தோன்றவில்லை. ஒரு கையில் கோப்பை, மறு கையில் மௌஸ், அப்படித்தான் பழக்கம். இங்கே காலை ஒன்பதரைக்கும் மதியம் இரண்டரைக்கும் மொத்தக் குழுவும் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடும். அதற்கு ஃபீக்கா என்று பேர். 'கஃபி' என்ற பழைய பேச்சுச் சொல்லைத் திருப்பிப் போட்டதில் வந்த சொல் என்கிறார்கள். ஆளுக்கொரு இலவங்கப்பட்டை பன்னை வைத்துக்கொண்டு காளான் பறித்த கதை, படகுக்கு வர்ணம் அடித்த கதை என்று பேசுவார்கள். ஆபீஸ் பேச்சு அநேகமாக வராது. நாலு நாள் நான் வராததைப் பார்த்த மேலாளர் தனியே கூப்பிட்டு, "குழுவில் யாரோடாவது மனத்தாங்கலா?" என்று கேட்டார். வேலை இருந்தது என்றேன். அதை ஒரு பதிலாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் அலுவலகம் இருக்கும் இடத்தை எழுதுவது கிஸ்தா, சொல்வது ஷீஸ்தா. மென்பொருள்காரர்கள் நிறைந்த பகுதி, மதியம் மைக்ரோவேவ் முன்னால் சாம்பார் வாசனைகூட வரும். ஊர்தான் பழக்கமானது மாதிரி இருந்ததே தவிர, நேரம் பழக நாளாயிற்று.

மார்ச்சில் ஒரு திட்டக் கூட்டம். ரிலீஸுக்கு ஜூலை 15 என்று நான்தான் தேதி சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. "ஜூலையிலா?" என்றார் ஒருவர், ஏதோ தீபாவளி அன்றைக்குக் காலையில் கூட்டம் வைத்துவிட்டதைப் போல. பிப்ரவரியிலேயே எல்லோரும் லீவு எழுதிப் போட்டிருந்தார்கள். இவர்கள் தேதி சொல்வதில்லை, வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்று எண் சொல்வார்கள். 28 முதல் 31 வரை அட்டவணையில் ஒரு பேரும் இல்லை.

இது தாராள மனசு இல்லை, ஸ்வீடன் நாட்டுச் சட்டம். இரண்டு வாரச் சம்பள விடுப்பு 1938-லேயே வந்துவிட்டது. 1977-இல் வந்த விடுப்புச் சட்டம் அதை வருஷத்துக்கு 25 நாளாக்கியது. அதில் நான்கு வாரத்தை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் தொடர்ச்சியாக எடுக்கலாம். ஏன் கோடையில் என்பது டிசம்பரை ஒருமுறை பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். மூன்று மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும் ஊர் இது.

இதை எல்லாம்விட என்னை உலுக்கியது 'வாப்' என்ற சின்னச் சொல். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் காலையில் அந்த ஒரு சொல்லைக் குழுவுக்கு அனுப்பினால் போதும். சம்பளத்தில் 80 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான தொகையை, ஒரு வரம்புக்குள், அரசுக் காப்பீடு தரும். சளிக் காய்ச்சல் சுற்றும் பிப்ரவரியை 'வாப்ருவாரி' என்றே கிண்டல் செய்கிறார்கள். முதல் தடவை மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் காரணம் விளக்கி, மாற்று ஏற்பாடு எழுதி, மன்னிப்பும் கேட்டு, மூன்று பத்தி மெயில் அனுப்பினேன். "சரி. குழந்தை நலமாகட்டும்" என்று பதில் வந்தது. சென்னையில் அவளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஹெட்செட்டோடு கால் பேசியவன் நான். யாரும் மிரட்டவில்லை. வர முடியாது என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

முதல் கோடை லீவில் அம்மாவுக்குப் பகல் நேரத்தில் போன் செய்தேன். "என்னடா, ஆபீஸ் இல்லையா?" "ஒரு மாசம் லீவும்மா." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வேலை இருக்குல்ல?" என்றார் மெல்ல.

இரண்டாவது வாரம் ஊருக்கு வெளியே காட்டில் புளூபெர்ரி பறித்தோம். இங்கே காட்டுப் பழத்தை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், பொதுவுரிமை. நாவல்பழம் தின்ற மாதிரி மகளின் நாக்கு ஊதா. பழக்க தோஷம், பாறைமேல் உட்கார்ந்து மெயிலைத் திறந்தேன். ஒரு பிழை சரிசெய்யப்பட்டதாகச் சென்னைக் குழுப் பையனிடமிருந்து தகவல். அனுப்பிய நேரம் அவனுக்கு இரவு 11.40.

வாரம் 28 முதல் 31 வரை யாரும் இல்லாமல் இந்த அலுவலகம் ஓடுவதன் மர்மம் அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த 11.40-இல் இருந்தவன் நான். நிதானம் இந்த ஊர்க் காற்றில் இருக்கிறது என்று நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பங்கு சோழிங்கநல்லூரிலிருந்து வருகிறது.

லீவு முடிந்து வந்ததும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இங்கே மாலை நாலுக்கு இருந்த தினசரிக் கூட்டத்தைக் காலை ஒன்பதுக்கு மாற்றச் சொன்னேன். நாலு மணி என்றால் அங்கே ஏழரை. எப்போதும் யாராவது கேபிலிருந்துதான் பேசுவார்கள், பின்னால் சிக்னல் ஹாரன். ஒன்பது என்றால் பன்னிரண்டரை, சாப்பாட்டுக்கு முன்னால்.

அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். இரண்டு நாள் பொறுத்துவிட்டு அந்தப் பையன் எழுதினான்: "அண்ணா, ஒன்றரைக்கு வந்துடுச்சுண்ணா. கேன்டீன்ல சாதம் தீர்ந்துடுது."

எட்டு மணிக்கு மாற்றினோம். டிசம்பரில் அந்நேரம் இங்கே விடிந்திருக்காது. இரண்டு பேர் முனகினார்கள். ஃபீக்காவையும் அதோடு சேர்த்து எட்டுக்கே வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். பன் வாங்கிவருவது என் முறை.