பனிக்காலத்தில் பறவைகளுக்குத் தீனி: ஒரு நாளுக்கு எவ்வளவோ அவ்வளவு

10 கிராம் எடையுள்ள ஒரு குருவி, உறைபனி விழும் இரவிலும் தன் உடம்பைக் கிட்டத்தட்ட 40 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். பகலில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் அதைச் செய்கிறது. பகல் எட்டு மணி நேரம்தான் என்றால் இரவு பதினாறு மணி நேரம். கடும் குளிரில் விடியும்போது அதன் எடையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்கும். வட அமெரிக்காவின் சின்னப் பறவையான சிக்கடீ போன்ற சில இனங்கள் இரவில் உடல் வெப்பத்தையே வழக்கத்தைவிட 10 டிகிரி குறைத்துச் சமாளிக்கின்றன. என்ன வைப்பது, எப்போது வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நாம் தீனி வைத்தால் அவை இரை தேடுவதையே மறந்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1980களில் சிக்கடீகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபீடருக்கு, அதாவது தீனி வைக்கும் கலத்துக்கு, வந்த பறவைகள்கூட அன்றாடத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அங்கே எடுத்துக்கொண்டன. மிச்சத்தைக் காட்டில் தேடிக்கொண்டன. ஃபீடர்களை எடுத்துவிட்ட பிறகும், பழக்கப்பட்ட பறவைகள் மற்றவற்றைப் போலவே பிழைத்தன. ஆனால் கடுங்குளிர் மாதங்களில் தீனி கிடைத்த கூட்டத்தில் உயிர் பிழைத்தவை தெளிவாக அதிகம். ஆகவே ஊருக்குப் போக நேர்ந்தால் குற்ற உணர்வு வேண்டாம். குளிர் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒரு தீனிதான் வாங்க முடியும் என்றால் கறுப்புச் சூரியகாந்தி விதை வாங்குங்கள். எண்ணெய்க்காகப் பயிரிடும் ரகம் அது. வரி போட்ட பெரிய விதை வேறு. கறுப்பு விதையின் தோல் மெல்லியது, சின்ன அலகாலும் உடைக்க முடியும், பருப்பில் எண்ணெயும் கூடுதல். தோல் நீக்கிய பருப்பு இன்னும் நல்லதுதான், கீழே குப்பை சேராது. ஆனால் ஈரம் பட்டால் ஓரிரு நாளில் கெட்டுவிடும்.

மலிவான கலவைப் பைகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சிவப்புச் சோளமும் கோதுமையும் இருக்கும். சின்னப் பறவைகள் அவற்றை அலகால் தள்ளிவிட்டுச் சூரியகாந்தியைத் தேடும். தள்ளியதெல்லாம் கீழே விழுந்து ஊறிப் பூசணம் பிடிக்கும், எலி வரும். தரையில் மேயும் சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் பனிவரகு கொஞ்சம் தனியாக வைத்தால் போதும். மரங்கொத்திக்கும் பட்டாணிக் குருவி வகைகளுக்கும் நிலக்கடலை உயிர். ஆனால் உப்போ மசாலாவோ சேர்க்காத கடலையாக இருக்க வேண்டும்; மனிதர் உண்ணும் தரத்தில் இருக்க வேண்டும். பூசணம் பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு பறவையின் ஈரலைக் கெடுத்துக் கொல்லும். கசப்போ மக்கிய வாசனையோ இருந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், பொறுக்கியெடுத்துப் பயனில்லை.

பூங்குருவி வகைகள் விதையை உடைக்காது. அவற்றுக்கு நறுக்கிய ஆப்பிள், ஊறவைத்த உலர்திராட்சை. ஆனால் உலர்திராட்சையும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு. வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வைக்கவே கூடாதவை: உப்பிட்ட எதுவும், பால், உலர்ந்த தேங்காய்த் துருவல் (வயிற்றில் ஊதும்), வேகவைத்த ஓட்ஸ் (அலகில் ஒட்டிக் காய்ந்து இறுகிவிடும், பச்சை ஓட்ஸ் தாராளமாக வைக்கலாம்). ரொட்டி விஷமல்ல, ஆனால் வயிற்றை நிரப்புமே தவிர இரவைத் தாண்டக் கொழுப்பைத் தராது.

கொழுப்புக் கட்டியை வீட்டிலேயே செய்யலாம். அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும் கொழுப்பு 250 கிராம்: மாட்டின் சிறுநீரகக் கொழுப்பு அல்லது பன்றிக் கொழுப்பு. பச்சை ஓட்ஸ், உடைத்த கடலை, சூரியகாந்திப் பருப்பு கலந்து 500 கிராம். கொழுப்பைச் சிறு தீயில், புகையவிடாமல் உருக்குங்கள். மாட்டுக் கொழுப்பானால் வடிகட்டிச் சக்கையை நீக்குங்கள். முக்கியமான இடம் இதற்கு அடுத்தது. உருகியதும் கலவையைக் கொட்டினால் விதையெல்லாம் அடியில் போய்விடும், மேலே வெறும் கொழுப்பு நிற்கும். ஆறவிட்டு, ஓரங்களில் வெள்ளையாகப் படரத் தொடங்கும்போது கலவையைப் போட்டுக் கிளறுங்கள். 4 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டில் பரப்பி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டி தயார். மிச்சத்தை ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம்.

கட்டி உதிர்ந்தால் கொழுப்பு போதவில்லை, இல்லையென்றால் முற்றிலும் இறுகிய பிறகு கிளறியிருப்பீர்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் கொழுப்பு மென்மையானது. சமையல் எண்ணெயும் மார்ஜரினும் இதனால்தான் ஆகாது. அவை இறகில் பூசிக்கொண்டால் இறகு நீரை விலக்கும் தன்மையை இழக்கும், குளிரையும் தடுக்காது. இறைச்சி வறுத்த சட்டியில் மிஞ்சும் கொழுப்பும் வேண்டாம். அதில் உப்பும் இறைச்சிச் சாறும் கலந்திருக்கும், கிருமி எளிதில் வளரும். கடையில் வாங்கும் கொழுப்பு உருண்டைகள் நைலான் வலைக்குள் வந்தால் வலையை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பிக் கூண்டில் போடுங்கள். வலையில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் சாகும் பறவைகள் உண்டு.

நேரமும் அளவும்தான் அடுத்தது. இரவெல்லாம் கொழுப்பை எரித்த பறவை விடிந்ததும் பசியோடு வரும். இருட்டுவதற்கு முன்பு மறுபடி நிரப்பிக்கொள்ள வரும். விடியலில் ஒரு முறை, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு முறை வையுங்கள். முதல் நாள் இரண்டு கைப்பிடியில் தொடங்குங்கள். மாலையில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள், மதியத்துக்குள் காலியானால் கூட்டுங்கள். ஃபீடரை விளிம்புவரை நிரப்பி ஒரு வாரம் விட்டுவிடுவதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். குழாய் ஃபீடரைக் கழற்றி அடியைப் பாருங்கள்: கடைசித் துளைக்குக் கீழே, பறவையின் அலகு எட்டாத இடத்தில், விதை கறுத்துக் கட்டியாகிப் புளித்த வாசனை அடிக்கும். மேலே பளபளவென்று புது விதை இருக்கும். மழையும் உருகும் பனியும் கடைசியில் தேங்குவது அங்கேதான். அடியில் வடிகால் துளை இல்லாத ஃபீடரை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் 3 மில்லிமீட்டர் துளைகள் சில போட்டுவிடுங்கள்.

சுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்? காட்டில் பரவிக் கிடக்கும் பறவைகளை நாம் ஒரே தட்டுக்கு அழைக்கிறோம். பிரிட்டனில் 2005 முதல் பரவிய டிரைகோமோனோசிஸ் நோய், அங்கே சர்வசாதாரணமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் என்ற சின்னப் பறவையின் கூட்டத்தைப் பெருமளவில் அழித்தது. தொண்டையில் புண் வந்து விழுங்க முடியாமல், பறவை விதையை எச்சிலோடு வெளியே தள்ளும்; அதை அடுத்த பறவை தின்னும். தட்டையான பலகையில் தீனி பரப்புவது இதனால்தான் ஆபத்து. சால்மோனெல்லா என்ற கிருமி எச்சத்தின் வழியே பரவும், மனிதருக்கும் தொற்றும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கூட்டம் அதிகம் என்றால் வாரம் ஒரு முறை, ஃபீடரைப் பிரித்துக் கழுவுங்கள். முதலில் சோப்புப் போட்ட வெந்நீரில் தேய்த்து அழுக்கை முழுக்க எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் ப்ளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர். 10 நிமிடம் ஊறட்டும். நன்றாக அலசி, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். காய்வது பாதி மருந்து, டிரைகோமோனோசிஸ் கிருமி ஈரமில்லாமல் தாங்காது. இரண்டாவதாக ஒரு ஃபீடர் இருந்தால் மாற்றி மாற்றித் தொங்கவிடலாம். இதற்கான பிரஷ் தனியாக இருக்கட்டும், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், கையுறை போடுங்கள்.

இறகை உப்பிக்கொண்டு, கண் அரைகுறையாக மூடி, அலகைச் சுற்றித் தீனி ஒட்டி, நீங்கள் பக்கத்தில் போனாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அது நோய்ப்பட்டது. அன்றே எல்லா ஃபீடரையும் இறக்கிக் கழுவி, குறைந்தது இரண்டு வாரம் தீனியை நிறுத்துங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அப்போது வைக்கும் தீனி மற்ற பறவைகளுக்கும் நோயைக் கொடுக்கும். பறவைக் காய்ச்சல் எச்சரிக்கை வந்தால் அரசு சொல்வதுதான் முடிவு.

தண்ணீர் தீனியைவிடக் கிடைப்பது அரிது, எல்லாம் உறைந்திருக்கும். சொரசொரப்பான தட்டில் 3 சென்டிமீட்டர் ஆழம் போதும். காலையில் பனிக்கட்டியைத் தட்டிவிட்டு வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள், கொதிநீர் ஊற்றினால் பீங்கான் வெடிக்கும். நீர் உறையாமலிருக்க உப்பு, கிளிசரின், ஆன்டிஃபிரீஸ் எதையும் கலக்கவே கூடாது.

இடம் தேர்வு செய்யும்போது ஜன்னல் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதாக 2014இல் ஒரு மதிப்பீடு வெளியானது. ஃபீடரைக் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், மிரண்டு பறந்தாலும் வேகம் பிடிக்க இடமிருக்காது. இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள். இடைப்பட்ட தூரம்தான் மோசம். கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினால் இன்னும் நல்லது. ஒற்றைப் பருந்து ஸ்டிக்கரால் பயனில்லை, பறவை அதைச் சுற்றி மீதிக் கண்ணாடியில் மோதும். பூனை பதுங்கும் புதரிலிருந்து ஃபீடர் 2 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்; அதற்காக வெட்டவெளியிலும் வேண்டாம், பருந்து வந்தால் ஓடி ஒளிய ஒரு மரம் அருகில் தேவை.

வெயில் ஏறத் தொடங்கியதும் கொழுப்புக் கட்டியை முதலில் நிறுத்துங்கள், அது உருகி இறகில் ஒட்டும். கூடு கட்டும் பருவத்தில் முழுக் கடலை வேண்டாம், குஞ்சின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சன்னமான கம்பி வலைக்குள் போட்டால் பெரிய பறவை கொத்திக் கொத்தித் துணுக்காகத்தான் எடுக்க முடியும்.